இறங்காத பந்து

எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே என் கணவரின் போட்டோ ஒன்று தொங்குகிறது. பாஸ்போர்ட் அளவு, முறைத்த முகம். ஒரு சிவப்புப் பூட்டில் கட்டிய அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். ‘அபாயம். ஆள் வேலை செய்கிறார். பூட்டியவரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. மோகன்ராஜ், பராமரிப்புப் பிரிவு.’ தேர்வாய் கண்டிகையில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கொடுத்த பூட்டு அது. மெஷினுக்குள் கையை விட்டிருக்கும்போது யாராவது தெரியாமல் ஸ்விட்சைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கொடுப்பது. அதே பூட்டை இவர் எங்கள் ஜங்ஷன் பாக்ஸில் மாட்டியிருப்பது யாரும் ஸ்விட்சை அணைத்துவிடக் கூடாது என்பதற்காக. யாரும் என்றால் வேறு யார், நான்தான். சட்னி அரைக்க வேறு பிளக் பாயின்ட் கிடைக்காமல் ஒருநாள் அவருடைய பெட்டியைப் பிடுங்கிவிட்டு மிக்சியைச் சொருகினேன். மறுநாள் பூட்டு வந்துவிட்டது.

பெட்டி என்றால் நாஸ், நெட்டிலிருந்து இறக்குவதைச் சேர்த்துவைக்கிற கருவி. டிபன் கேரியர் உயரத்தில் ஒரு கறுப்பு டப்பா, உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ராவும் பகலும் கொர்ரென்று ஒரு சத்தம். அதற்குத் திரை கிடையாது, பட்டன் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. அது என்ன செய்கிறது என்று பார்க்க போனில் ஓர் எண் முகவரியைத் தட்டவேண்டும், ஒரு பக்கம் திறக்கும். அது செய்துகொண்டிருந்தது ஒரே வேலைதான். டோரண்ட் முறையில் ஒரு வீடியோவை இறக்கிக்கொண்டிருந்தது. யார் யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறதோ அவர்களிடமெல்லாம் வாங்கி ஒட்டி முழு வீடியோவாக்கும் வேலை. ஒட்டுத்துணியில் பாவாடை தைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாவாடை பாதியில் நின்று இரண்டு வருஷம் ஆகிறது.

வீடியோ என்னவென்றால் ஒரு கிரிக்கெட் மேட்ச். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனிகளுக்கிடையே பொங்கலுக்கு நடந்த டென்னிஸ் பால் போட்டியின் ஃபைனல். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இவர் ஒரு கம்பெனிக்கு பேட்டிங். என் அண்ணன் அன்புசெல்வன் எதிர் கம்பெனிக்கு பவுண்டரி ஓரம் ஃபீல்டிங். கடைசிப் பந்து, ஐந்து ரன் வேண்டும். இவர் தூக்கி அடித்தார். பந்து எல்லைக் கயிற்றுக்குப் போனது, அண்ணன் கயிற்றுக்குப் பக்கத்தில் விழுந்து புரண்டு பந்தோடு எழுந்தார். கேட்ச் என்றார் அண்ணன். உன் கால் கயிற்றில் பட்டது, சிக்ஸ் என்றார் இவர். தீர்ப்புச் சொல்லவேண்டிய அம்பயருக்கு அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட். சரியாக அந்த நேரம் பார்த்து கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மனிதர் தொப்பியைக் கழற்றி அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டார். பஸ்ஸை விட்டால் அரை நாள் சம்பளம் போய்விடும், அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் கோப்பையைப் பங்கு போட்டார்கள். கோப்பை அண்ணன் கம்பெனிக்கு, மூடி இவர் கம்பெனிக்கு. அந்த மூடியை இவர் கெஞ்சி வாங்கிவந்து டிவி மேல் வைத்திருக்கிறார்.

நானும் அன்று அங்கேதான் இருந்தேன், கயிற்றோரத்தில், வேர்க்கடலைப் பொட்டலத்தோடு. இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் இவரையே எனக்குப் பார்த்தார்கள். கல்யாணத்தில் அது வேடிக்கைப் பேச்சு. பூமிகா பிறந்தபோது முணுமுணுப்பு. அவளுக்கு முதல் வயதில் காது குத்த நாள் பார்த்தோம், சாப்பாட்டுப் பந்தியில் யாரோ ஒரு பெரியப்பா, “மாப்ள அன்னிக்கி அவுட்டுதானே?” என்று கேட்டுவைக்க, இலையை மூடிவிட்டு எழுந்துபோனார்கள் இரண்டு பேரும், ஆளுக்கொரு திசையில். மூன்றாவது வயதில் மறுபடி கேட்டபோது அண்ணன் சொல்லி அனுப்பினார்: “அது கேட்ச்சுன்னு அந்தாளு ஒத்துக்கட்டும், அப்பால மடியில உக்கார வெக்கிறேன்.” இவர் சொன்னார்: “வீடியோ இறங்கட்டும், அப்பால பேசுறேன்.”

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும், அதுவும் ஒற்றைப்படை வயதில். இப்போது பூமிகாவுக்கு ஐந்து. ஆடி வந்தால் ஆறு. பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்புப் பெண்கள் எல்லாரும் கம்மல் போட்டிருக்கிறார்கள். இவள் என்னுடைய ஸ்டிக்கர் பொட்டைக் காதுமடலில் ஒட்டிக்கொண்டு போகிறாள். சாயங்காலம் ஒரு பொட்டு உதிர்ந்துபோய் ஒற்றைக் காதோடு வருவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் வரும், அந்த இரண்டு ஆம்பளைகளின் மண்டையையும் சேர்த்து முட்டவேண்டும் என்றும் வரும். வைகாசி கடைசியில் திருவாலங்காட்டில் ஒரு முகூர்த்தம் குறித்துவிட்டேன், யாரையும் கேட்காமல்.

அந்த வாரம்தான் கரண்ட் போய் வந்தது, பெட்டியின் பக்கம் திறக்கவில்லை.

இவர் வெலவெலத்துப் போய்விட்டார். போனில் தட்டுகிறார், ‘இந்தத் தளத்தை அடைய முடியவில்லை’ என்று வருகிறது. மறுபடி தட்டுகிறார், மறுபடி அதே. பெட்டி என்னவோ பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கொர்ரென்றுதான் இருந்தது.

“பேஜாரு புச்சிக்கிச்சி சுமா. முறப்படி பாக்கணும்,” என்றார்.

முறைப்படி என்றால் தொழிற்சாலை முறை. மெஷின் நின்றால் ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைப் பிடிப்பார்களாம். பூமிகாவின் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுதினார். பக்கம் ஏன் திறக்கவில்லை? பெட்டி பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? ஓடி ஓடிக் களைத்துவிட்டது. ஏன் ஓடுகிறது? வீடியோ முழுசாக இறங்கவில்லை. வீடியோ ஏன் வேண்டும்? நான் நாட் அவுட் என்று நிரூபிக்க. ஏன் நிரூபிக்கவேண்டும்? மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. அடியில் கோடு போட்டு எழுதினார், மூல காரணம்: மச்சான்.

“கண்டுபுட்ச்சிட்டீங்க. இப்ப அண்ணன கழட்டி தொடச்சி மாட்டுங்க, பக்கம் தொறக்கும்,” என்றேன்.

எனக்கு வேலை ஒரு கிடங்கில், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் அனுப்பும் பிரிவில். நாங்களும் அதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். காலையில் போனால் முதல் கேள்வியே “அந்தப் பெட்டி எங்க?” என்பதுதான். நேற்று இருந்த இடத்தில் இருக்காது. யாரோ ஒரு கிரேன் ஓட்டுநர் வேறு இடத்தில் தூக்கி வைத்திருப்பார். பெட்டி காணாமல் போய்விட்டது என்று புதிதாக வந்தவர்கள் அழுவார்கள். பெட்டி எங்கேயும் போகாது, எண் மாறியிருக்கும். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. கரண்ட் போய் வந்தால் ரௌட்டர்தானே எல்லாருக்கும் மறுபடி இடம் கொடுக்கிறது? ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தேன். அதன் கடவுச்சொல் அதன் அடியிலேயே ஒட்டியிருந்தது. வீட்டில் இணைந்திருப்பவற்றின் வரிசை வந்தது: என் போன், அவர் போன், டிவி, பிறகு பெயரில்லாத ஒன்று. அந்தப் பெயரில்லாததின் எண்ணைத் தட்டினேன். பெட்டியின் பக்கம் திறந்தது.

இவர் என்னைக் கும்பிடாத குறை. போனைப் பிடுங்காமல் தன் போனிலேயே அந்த எண்ணைத் தட்டினார். பாஸ்வேர்ட் கேட்டது. திரும்பி உட்கார்ந்து மறைத்துக்கொண்டு ஒன்றைத் தட்டினார். தவறு என்றது. இன்னொன்று. தவறு. ஐந்தாவது தடவை தட்டியதும் ‘பலமுறை தவறாக முயன்றதால் நீங்கள் தடை செய்யப்பட்டுள்ளீர்கள்’ என்று வந்தது. ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவரை அவருடைய பெட்டியே வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“சிரிக்காத. பாஸ்வேர்ட் மறந்து பூட்ச்சி.”

என் போன் இன்னும் தடைப்படவில்லை. ஒரே தடவை தட்டினேன், நாட்அவுட் என்று ஆங்கிலத்தில். திறந்துகொண்டது.

“உனக்கு எப்டி தெரியும்?” என்றார்.

“வேற இன்னா வெப்பீங்க? எம் பேரா வெப்பீங்க?”

அவர் என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார்.

பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. மேட்ச் வீடியோ, அறுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், நின்றுபோயிருக்கிறது. இந்த வீடியோவின் வரலாற்றையும் சொல்லவேண்டும். அந்த மேட்சைப் படம் பிடித்தது தணிகாசலத்தின் உள்ளூர் கேபிள் சானல். சானலை இழுத்து மூடும்போது தணிகாசலம் பழைய டேப்பையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, டோரண்டாக இணையத்தில் விட்டார். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வாட்ஸ்ஆப்பில் போட்டார். எடுத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. இவர் போன் பண்ணிக் கேட்டபோது, “கம்ப்யூட்டர எடைக்கி போட்டுட்டேன் நைனா, சூளூர்ப்பேட்டைல பொண்ணு ஊட்ல கீறேன்,” என்று வைத்துவிட்டார். அதிலிருந்து வேறு யாரிடமாவது மிச்சத் துண்டு இருக்காதா என்று எங்கள் பெட்டி உலகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இறங்கியவரை போட்டுப் பார்க்கலாம். நானும் பார்த்திருக்கிறேன். கடைசிப் பந்தை இவர் அடிப்பார், பந்து மேலே போகும், திரை பச்சைக் கட்டங்களாக உறைந்துவிடும். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் அந்தப் பந்து வானத்திலேயே நிற்கிறது.

“இந்தா பாரு,” என்று இவர் பக்கத்தின் கீழ்ப்பகுதியைக் காட்டினார். “இந்த வீடியோ வெச்சிருக்குற வேற ஆளுங்க லிஸ்டு. ஒருத்தன்தான் கீறான். தெனமும் சாய்ங்காலம் வர்றான். ஆனா கனெக்ட் ஆவ மாட்டான். ஏன்னு பாத்தா அது நம்ம அட்ரஸு. வெளிய நம்ம ஊடு எந்த நம்பர்ல தெரியுதோ, அதே நம்பர். பெட்டி தன்னத்தானே பாத்துக்கினு கீது.”

“கண்ணாடி முன்னால நிக்கிற மாதிரியா?”

“அதே மாதிரி.”

எனக்கு அது சரியாகப் படவில்லை. தன்னையே பார்க்கிறது என்றால் காலையிலும் பார்க்கவேண்டியதுதானே? சாயங்காலம் மட்டும் எதற்குப் பார்க்கிறது?

மறுநாள் இவர் ஷிப்ட் போனபிறகு, நெட் ஆபீஸிலிருந்து மணிகண்டனை வரச்சொன்னேன். தணிகாசலத்தின் கேபிள் லைனை வாங்கி நெட் லைனாக்கி நடத்துகிற ஆபீஸ் அது. மணிகண்டன் வந்து ரௌட்டரைத் தட்டிப் பார்த்தான், பிறகு தன் பெருமைகளைச் சொன்னான், பிறகு காபி கேட்டான். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான்.

“அக்கா, இது உங்க ஒரு ஊட்டு அட்ரஸ் இல்ல. கும்மிடிப்பூண்டிலர்ந்து கவரப்பேட்ட வரிக்கும் நம்ம லைன்ல கீற அத்தினி பேருக்கும் வெளிய ஒரே நம்பருதான். ஒரு காம்பவுண்டுல இருவது குடித்தனம், கேட்டுல ஒரே டோர் நம்பர், அந்த மாதிரி. உள்ள கீறவங்க வெளிய போயி கூப்ட்டா கேட்டோட நின்னுடும். அதான் கனெக்ட் ஆவல.”

“அப்ப அது வேற யாரோ? நம்ம லைன்லயே?”

“ஆமா. இந்த மாதிரி பெட்டி நம்ம லைன்ல ரெண்டே ஊட்லதான் கீது. ரெண்டும் நான்தான் மாட்னேன்.” விரலை மடக்கினான். “ஒண்ணு இங்க. இன்னொண்ணு கவரப்பேட்டைல, அன்புசெல்வன் அண்ணன் ஊட்ல. அவரும் ஏதோ மேட்ச்சு வீடியோன்னு என் உயிர வாங்குறாரு.”

காபி டம்ளரை வாங்கிக்கொண்டு அவனை அனுப்பிவைத்தேன்.

அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அண்ணியோடு போன் பேச்சு மட்டும்தான். உடனே போன் போட்டேன். ரோஜா அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “ஆமா சுமா, ஒரு கறுப்பு சனியன் கீது. சாய்ங்காலம் டூட்டி முடிஞ்சி வந்து ஆன் பண்ணுவாரு, தூங்கப் போவும்போது ஆஃப் பண்ணுவாரு. பாதி வீடியோவ போட்டுப் போட்டு பாப்பாரு. எங்க ஊட்ல பந்து மேல போற எடமே இல்ல. எடுத்ததும் இவரு தரைல பொரண்டுகினு கீறாரு. அப்டியே நின்னுடும்.”

அப்படியானால் பந்து எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி அண்ணன் வீட்டில் போய் விழுகிறது. தணிகாசலத்தின் கம்ப்யூட்டர் எடைக்குப் போவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு பங்கும் அவருக்கு ஒரு பங்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒன்றிடம் இல்லாதது மற்றதிடம் இருக்கிறது. தினம் சாயங்காலம் இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கேட்டைத் தாண்ட முடியாமல் நின்றிருக்கின்றன.

கிடங்கில் இதற்கு வழி இருக்கிறது. பாதி லோடு இரண்டு பெட்டியில் இருந்தால் துறைமுகத்தோடு மல்லுக்கட்ட மாட்டோம், இரண்டையும் ஒரே யார்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். இரண்டு நாஸும் ஒரே ரௌட்டரில் நின்றால் வெளியே போகவே வேண்டாம். ஆனால் இவர் தன் பெட்டியை அண்ணன் வீட்டுக்கு அனுப்புவாரா? அண்ணன்தான் இங்கே அனுப்புவாரா? கேட்டுப் பார்த்தால் இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆகும், பூமிகாவுக்குக் கல்யாணமே வந்துவிடும்.

தாய்மாமனை அழைக்கப் போகும்போது தட்டு வைத்து அழைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை இவர் பகல் ஷிப்டில் இருக்க, மத்தியானத்துக்கு மேல் தட்டை எடுத்தேன். வெற்றிலை பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், தேங்காய், பூ, அண்ணனுக்கு வேட்டி, அண்ணிக்குப் புடவை. நடுவில் பெட்டி. அதைப் பிடுங்கலாம் என்று பார்த்தால் சிவப்புப் பூட்டு. சாவி இவர் அரைஞாணில் தொங்கிக்கொண்டு தேர்வாய் கண்டிகைக்குப் போயிருந்தது. பூட்டை உடைப்பது பாவம் என்று இவர் அடிக்கடி சொல்வார், நானும் உடைக்கவில்லை. ஜங்ஷன் பாக்ஸையே சுவரிலிருந்து கழற்றி, வயரைச் சுற்றி, பூட்டோடும் அட்டையோடும் தட்டில் வைத்தேன். பார்த்தேன், அட்டையில் இவர் முறைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டேன், அழைக்கப் போகும்போது புருஷனும் கூட வரவேண்டும் இல்லையா.

பூமிகாவோடு ஏறிய ஷேர் ஆட்டோவில் எதிரே இருந்த அம்மா ரொம்ப நேரம் தட்டைப் பார்த்துவிட்டு, “ஊட்டுக்காரரு தவறிட்டாரா?” என்று கேட்டாள்.

“இல்லமா, டூட்டிக்கி போயிருக்காரு,” என்றேன். அவள் பூமிகாவைத் தன் பக்கமாக இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

அண்ணன் கதவைத் திறந்ததும் முதலில் என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு பூமிகாவைப் பார்த்தார். பிறகு தட்டில் குங்குமத்தோடு முறைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“இன்னாமா இது?”

“காதுகுத்துக்கு அழைக்க வந்திருக்கேண்ணா. தட்ட வாங்கிக்க.”

தட்டை வேண்டாம் என்று எந்தத் தாய்மாமனாலும் சொல்லமுடியாது. வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டே கூடத்தில் நின்றார். நான் ஜங்ஷன் பாக்ஸை அவர் வீட்டுச் சுவரில் சொருகி, பெட்டியின் நெட் வயரை அவருடைய ரௌட்டரில் மாட்டினேன். அண்ணி உள்ளிருந்து அவர்களுடைய பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே அச்சு. எங்கள் பெட்டியின் புது எண்ணை ரௌட்டரில் தேடி எடுத்துத் திறந்துவிட்டேன். அண்ணனுடையது பாஸ்வேர்ட் கேட்டது. அண்ணன் சொல்லத் தயங்கினார். ஆங்கிலத்தில் அவுட் என்று நானே தட்டினேன், திறந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பெட்டியும் தோள் உரசிக்கொண்டு நின்றன, இரண்டும் நின்றுபோயிருக்கிறது என்றே காட்டின. அவற்றின் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் நிற்பது மாதிரியே இருந்தது. அமைப்புகளைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ‘உள் வலையமைப்பில் இருப்பவர்களைத் தேடு’ என்று ஒரு கட்டம். இரண்டிலும் டிக் எடுத்துவிடப்பட்டிருந்தது. எடுத்தது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இரண்டிலும் டிக் போட்டேன்.

அப்போது வாசலில் பைக் வந்து நின்றது.

இவர்தான். வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறார், பெட்டி இல்லை, சுவரில் பூட்டும் இல்லை. நான் எழுதிவைத்த சீட்டு மட்டும் இருந்திருக்கிறது. கேட்டுக்கு வெளியே நின்று கத்தினார்: “பூட்டுனவன கேக்காம யாரு எடுத்தது? ஃபேக்டரில இத்த பண்ணா சஸ்பென்ஷன், தெரியுமா?”

“வெளிய யாரோ கத்துறாங்க ரோஜா,” என்றார் அண்ணன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“உள்ள யாரும் கூப்டலன்னா நான் வர மாட்டேன் சுமா,” என்றார் இவர், மரத்தைப் பார்த்துக்கொண்டு.

நான் போனைப் பார்த்து, சத்தமாக, “அறுபத்தி அஞ்சி,” என்றேன்.

வாசலில் சத்தம் நின்றது.

“எழுவது.”

அண்ணன் தட்டைக் கீழே வைத்தார். இவர் கேட்டுக்குள் ஒரு கால் வைத்தார். எண்பதுக்குச் செருப்பைக் கழற்றினார். தொண்ணூறுக்கு இவர் கூடத்தில் இருந்தார். அண்ணி டீ போட்டு முடிப்பதற்குள் இரண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தில் நூறு வந்தது.

டிவியில் போட்டார்கள். இரண்டு ஆம்பளைகளும் தரையில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு. கடைசி ஓவர். கடைசிப் பந்து. இவர் அடித்தார். பந்து மேலே போனது. இந்தத் தடவை பச்சைக் கட்டம் வரவில்லை. பந்து இன்னும் மேலே போனது, உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பித்தது, அண்ணன் கயிற்றை நோக்கி ஓடினார், தணிகாசலத்தின் கேமரா அவரைத் துரத்திக்கொண்டு திரும்பியது. திரும்பிய வேகத்தில் அவரைத் தாண்டிப் போய்விட்டது. கூட்டத்தில் போய் நின்றது. பச்சைச் சுடிதாரில், வேர்க்கடலைப் பொட்டலத்தோடு, திரை முழுக்க நான்.

மெதுவாகக் கேமரா திரும்பி வந்தபோது அண்ணன் தரையில் புரண்டு எழுந்துகொண்டிருந்தார்.

பூமிகா மட்டும், “அம்மா டிவில வந்தாங்க!” என்று கைதட்டினாள்.

இவர் முதலில் திரும்பினார். “சுமா. நீ அங்கயா இருந்த?”

“கயித்தாண்டயே இருந்திருக்கியே!” என்றார் அண்ணன். “நீ பாத்திருப்ப!”

பன்னிரண்டு வருஷம் கழித்து என்னைக் கேட்கிறார்கள். கோபத்தில் எனக்குக் காது சுட்டது. அந்த வீடியோவில் கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருந்தால் அவர்களுக்கே ஒன்று தெரிந்திருக்கும். கூட்டத்தில் எல்லாத் தலையும் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறது, ஒரு தலை மட்டும் நேராகப் பார்க்கிறது. ஆனால் பந்து எங்கே பந்து எங்கே என்று தேடினார்களே தவிர, என் முகத்தை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

“பூமிகாவுக்குக் காது குத்தி முடியட்டும். அப்பால சொல்றேன்,” என்றேன்.

“நானு மடியில உக்கார வெக்கிறேன்,” என்றார் அண்ணன் அவசரமாக.

“நான் வேன் சொல்றேன்,” என்றார் இவர்.

திருவாலங்காட்டில் முதலில் காளியைக் கும்பிட்டுவிட்டுத்தான் சிவன் கோயிலுக்குப் போகவேண்டும். ஆட்டப் போட்டியில் சிவன் காலை மேலே தூக்கி ஜெயித்துவிட்டார், காளி தோற்றாள் என்பார்கள். ஜெயித்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் தோற்றவளிடம் முதலில் சொல்லிக்கொண்டு போகவேண்டும் என்று ஏற்பாடு. இந்த இரண்டு பேருக்கும் யாராவது முன்னாலேயே அப்படி ஓர் ஏற்பாடு செய்துவைத்திருக்கலாம்.

அண்ணன் புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூமிகாவை மடியில் வைத்துக்கொண்டார். பத்தர் ஊசியை எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டது அவர்தான். பூமிகா வீறிட்டாள். இரண்டாவது காதுக்கு அவளைவிட அண்ணன் அதிகமாக அழுதார், இவர் துண்டால் அண்ணன் முகத்தைத் துடைத்துவிட்டார். சின்னதாய் இரண்டு சிவப்புக் கல் கம்மல். நான் ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஸ்டிக்கர் பொட்டு இனி நெற்றிக்கு மட்டும்.

குளத்தங்கரையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

“சொல்லு,” என்றார் அண்ணன்.

“நான் பந்தப் பாக்கலண்ணா.”

“இன்னாது?”

“பந்தப் பாக்கல. இவரு மூஞ்சத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

“அப்ப பொண்ணு பாக்க வந்தன்னிக்கி, இவர தெரியவே தெரியாதுன்னு சொன்னியே...” என்று அண்ணன் ஆரம்பித்தார். ஆனால் இவர் குறுக்கே புகுந்தார். இவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

“எம் மூஞ்சி எப்டி இருந்துச்சி?”

எப்படி இருந்தது? பந்து மேலே இருந்தவரை பல் முப்பத்திரண்டும் தெரிந்தது. பிறகு சட்டென்று அணைந்துபோனது. ஒரு நொடிதான். அதன் பிறகுதான் கையைத் தூக்கி சிக்ஸ் சிக்ஸ் என்று கத்த ஆரம்பித்தார். பந்து எங்கே இறங்கியது என்று நான் திரும்பிப் பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை, ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷன், நானாகப் போய்ச் சொல்லவுமில்லை.

“உங்க மூஞ்சி உங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

இவர் தரையைப் பார்த்தார். தூரத்தில் கம்மலை எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்த பூமிகாவைப் பார்த்தார். அரைஞாணில் தொங்கிய பூட்டுச் சாவியை எடுத்து எதற்கோ உருட்டினார்.

“மச்சான்,” என்றார். “எனக்கு அப்பவே தெரியும். நீ புட்ச்சிட்ட. நான் அவுட்டு.”

அண்ணன் கண் கலங்கிவிட்டது. இவர் தோளில் கை வைத்தார். “இல்ல மாப்ள. எனக்கும் அப்பவே தெரியும். என் குதிகாலு கயித்த மிதிச்சிடுச்சி. அது சிக்ஸு.”

“மிதிக்கல மச்சான். நல்ல கேட்ச்சு.”

“மிதிச்சவன் நான் சொல்றேன்ல?”

“அடிச்சவன் நான் சொல்றேன், அவுட்டு.”

“எங்காலு மாப்ள, எனக்குத் தெரியாதா?”

“எங்கண்ணு மச்சான். நான் பொய் சொல்றன்றியா?”

“அப்ப நான் பொய் சொல்றனா?”

குளத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் புது வேட்டியை மடித்துக் கட்டினார். “அத்த சிக்ஸுன்னு நீ ஒத்துக்கற வரிக்கும் உங்க ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்!”

“கேட்ச்சுன்னு ஒத்துக்காதவன் வரவே வேணாம்!” என்றார் இவர்.

ரோஜா அண்ணி பதறிக்கொண்டு எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்தேன். இனி தாய்மாமன் வேண்டியது பூமிகாவின் மஞ்சள் நீராட்டுக்குத்தான். அதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் கிடக்கிறது, அதுவரைக்கும் கத்தட்டும்.